பெட்டி திறக்காத ஞாயிறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி எனக்குக் கோபம் வர வேண்டாம். முப்பது வருஷமாக மேடையில் பாடுகிறவளுக்கு வாய்தான் பிழைப்பு. மேடையை விட்டு இறங்கியதும் சும்மா இரு என்றால் அது எப்படி இருக்கும்? அந்த வாய் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாட்டி எடுத்த கதை இது.

ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்துக்கு முறைப்படி ஒரு பெயர் உண்டு. தபால்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. மற்றவர்களுக்கு அது ஆர்க்கெஸ்ட்ரா சந்து. ஒரு காலத்தில் பதினாலு ஆர்க்கெஸ்ட்ரா ஆபீஸ் இங்கே இருந்தது. ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, ஒரு போன், சுவரில் குழுவின் போட்டோ, அவ்வளவுதான். கல்யாணமோ கரக உற்சவமோ, பாட்டுக் கச்சேரி வேண்டுமென்றால் இந்தச் சந்துக்குத்தான் வருவார்கள். ட்ரம்ஸ் வாடகைக்குக் கிடைக்கும், மேடை உடுப்பு வாடகைக்குக் கிடைக்கும், பாடகி கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டால் இன்னொரு பாடகியும் கிடைப்பாள். அந்த இன்னொரு பாடகி நான், தமயந்தி.

பிறகு டி.ஜே. வந்தது. அதற்குப் பிறகு கொரோனா வந்தது. பதினாலு போர்டில் மூன்று மிஞ்சியது. எங்கள் கீபோர்டு இளங்கோவன் அண்ணா கீபோர்டை உறையில் போட்டுக் கட்டிவிட்டு, முதுகில் சாப்பாட்டுப் பையோடு ஸ்கூட்டரில் சுற்றினார். மேடை உடுப்புக் கடை வைத்திருக்கும் டோரீன் ஜிகினாத் துணியில் மாஸ்க் தைத்து விற்றாள். நான் தொம்மலூரில் ஒரு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நமஸ்தே சொன்னேன். அதையும் இழுத்துச் சொல்கிறேன் என்று மேனேஜர் குறைப்பட்டுக்கொண்டார்.

உயிர் திரும்பி வந்தது எங்கள் மன்றத்தில்தான். சந்தின் நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹால், உள்ளே ஒரு அடி உயர மேடை. வார்டு ஆபீசுக்குச் சொந்தமான கட்டிடம். வருஷா வருஷம் அனுமதி வாங்கிப் புழங்கி வருகிறோம். "எப்படியும் ப்ராக்டீஸ் பண்றோம். ஞாயித்துக்கெழம கதவைத் தொறந்து வெச்சுப் பண்ணா இன்னா? கேக்கறவங்க கேட்டுட்டுப் போவட்டும்" என்றாள் டோரீன். முதல் வாரம் இரண்டு நாய்களும் டீக்கடைக்காரரும் கேட்டார்கள். அடுத்த மாதம் நிற்க இடமில்லை. அம்ருதா என்று கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, தன் நாடகக் குழுவுக்கு வார நாட்களில் ஹால் கிடைக்குமா என்று கேட்டாள். அவளைத் தொடர்ந்து ஒரு நடன வகுப்பு வந்தது. மூடிக் கிடந்த ஆபீஸ் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்றரை வருஷத்தில் சந்தில் மறுபடி எட்டு போர்டு. அந்த எட்டாவது போர்டை மாட்டிய அன்று நான் நடுச் சந்தில் நின்று அழுதேன். யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் ஆணி அடித்தவரையே கும்பிட்டுவிட்டு வந்தேன்.

இந்த நல்ல காலத்தில் குறுக்கே வந்தவர்தான் சிவசங்கரன்.

சந்து முனையில் ஒரு ஃபிளாட் உண்டு. அதன் கேட் மெயின் ரோட்டில், பால்கனி எங்கள் பக்கம். முதல் மாடியில் தனியாக இருந்தார். மனைவி போன பிறகு மல்லேஸ்வரத்து வீட்டை விற்றுவிட்டு, வெளிநாட்டில் இருக்கிற மகன் வாங்கிப்போட்ட இந்த வீட்டுக்கு வந்தவர். ஒரு பெரிய தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றாராம். குறை கண்டுபிடித்தே முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கினவர் சும்மா இருப்பாரா? வார்டு ஆபீசுக்கு எங்களைப் பற்றிப் பதினோரு மனு எழுதினார். எல்லாம் முத்து முத்தான கையெழுத்து. ஒவ்வொரு மனுவிலும் தவறாமல் ஒரு வரி இருக்கும்: 'இவர்கள் அண்டை அயலாரை மதிக்கத் தெரியாதவர்கள்.'

கடைசியில் வார்டு ஆபீசில் ஒரு முடிவு எடுத்தார்கள். புதிதாக வந்த அதிகாரி ரக்ஷிதா மேடம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பார். மன்றத்தில் உண்மையாகவே கலை நடக்கிறது என்று அவர் எழுதினால் அனுமதி நீளும். இல்லையென்றால் ஜிம் வைக்கக் கேட்டிருக்கும் ஒருவருக்குப் போகும். அறிக்கை திங்கட்கிழமை காலையில் போயாக வேண்டும். ஹால் போனால் ஞாயிறு போகும், நாடகம் போகும், வகுப்பு போகும், எட்டு போர்டும் மறுபடி மூன்றாகும். எனக்கோ மறுபடி அந்த நமஸ்தே நாற்காலிதான்.

இதைக் கேட்ட புதன்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. நேராக ஃபிளாட் கேட்டுக்குப் போனேன். சிவசங்கரன் வாக்கிங் முடிந்து வந்துகொண்டிருந்தார்.

"எங்க வயித்தெரிச்சல் உங்களைச் சும்மா வுடாது சார்" என்றேன். இன்னும் நாலு வார்த்தையும் சொன்னேன். அவை அச்சில் ஏறாது. அவர் படியேறிப் போனார்.

சனிக்கிழமை காலையில் பார்த்தேன், வாட்ச்மேனும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மனசுக்குள் ஏதோ சுருக்கென்றது. ப்ராக்டீசுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு டோரீன் மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டாள். "தமயந்தி, மேல வா. ஃபிளாட்ல என்னமோ ஆயிருக்கு."

மேலே போய்ப் பார்த்தோம். இளங்கோவன் அண்ணாவும் வந்தார். எங்கள் மூன்று பேருக்கும் இந்த ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அத்துப்படி. எந்த வாசலில் நாற்காலி போட்டிருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் கல்யாணமா சாவா என்று சொல்லிவிடுவோம். கல்யாண நாற்காலி வரிசையாக ஒரே பக்கம் பார்க்கும். சாவு வீட்டில் இரண்டு சுவரோரமும் போட்டு நடுவில் வழி விட்டிருப்பார்கள். ஃபிளாட் காம்பவுண்டில் இரண்டு சுவரோரமும் நாற்காலி. வெள்ளை வேன் ஒன்று நின்றது. வயதானவர்கள் கையைக் கட்டிக்கொண்டு தொங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தலை வாரவில்லை. ஒரு டிரம்மில் தண்ணீர், பக்கத்தில் டம்ளர். காபி வாசனை கூட இல்லை. முதல் மாடிப் பால்கனிக் கதவு மூடியிருந்தது. விடிந்தால் அங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவரைக் காணோம். கம்பியில் தொங்கிய பையில் பேப்பர் அப்படியே இருந்தது.

"அவர்தான்" என்றார் இளங்கோவன் அண்ணா, மெதுவாக.

நேற்று ஆட்டோவில் ஏற்றியதைச் சொன்னேன். புதன்கிழமை நான் பேசியதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. சந்தில் யாராவது போய்விட்டால் வாத்தியப் பெட்டி திறக்காது. சுருதி கூடச் சேர்க்க மாட்டோம். ஊரான் வீட்டு மேளம் அடிக்கிற நாங்கள் பக்கத்து வீட்டு அழுகைக்குக் காது கொடுக்காமல் இருக்கக் கூடாது என்று எப்போதோ யாரோ ஏற்படுத்தியது. கை நிறைய வேலை இருந்த காலத்திலும் மீறியதில்லை.

ஆனால் அன்று, எல்லா நாளையும் விட்டுவிட்டு அன்றைக்கா?

மன்றத்தில் எட்டு குழுக்காரர்களும் கூடினார்கள். "அவர் நம்ம சந்தே இல்லியே. கேட்டு மெயின் ரோட்ல இருக்கு" என்றான் ட்ரம்ஸ் வாசிக்கிற சீனு. "பதினோரு மனு எழுதி நம்ம வாயை மூட முடியாத மனுஷன், செத்து மூடிட்டாரு பாரு" என்று யாரோ சொல்ல, சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, வந்ததற்காக என் கன்னத்தில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இளங்கோவன் அண்ணா எழுந்து நின்றார். அதிகம் பேச மாட்டார். "நம்ம பாட்டு எதுவரைக்கும் கேக்குதோ அதுவரைக்கும் நம்ம சந்துதான். தனக்குக் கேக்குதுன்னு அந்த மனுஷன் பதினோரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்புறம் எப்படிப்பா அவரு வெளியாளு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதிர்த்துப் பேசுவதென்றால் நான்தான் பேச வேண்டும். ஹால் போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் என் வயிற்றெரிச்சல் பட்டுப் போன மனிதரின் வீட்டுக்கு எதிரில் நின்று எந்தப் பாட்டைப் பாடுவேன்?

"பெட்டி திறக்க வேணாம்" என்றேன்.

ஃபிளாட்டுக்குப் போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யாரிடம் விசாரிப்பது? அந்த ஃபிளாட்டில் எங்களோடு பேசுகிறவர் ஒருவர் கிடையாது. எங்களுக்கு அவர்களைத் தெரிந்ததெல்லாம் மனுவில்தான். என்னாலோ அந்தக் கேட் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. சாயங்காலம் எல்லோருமாக மாலையோடு போவது என்று முடிவானது. போகிற நேரத்தில் எடுத்துவிட்டிருந்தால் வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வரலாம். ஸ்பீக்கரை இறக்கினோம். வந்தவர்களை அம்ருதா சந்து முனையில் நின்று திருப்பி அனுப்பினாள்.

சரியாக ஐந்துக்கு ரக்ஷிதா மேடம் வந்தார். சின்ன வயது, கையில் ஃபைல். காலி ஹாலையும் மடித்து வைத்த நாற்காலிகளையும் பார்த்தார்.

"ஏன்ரீ இது? அஞ்சு மணிக்கு ப்ரோக்ராம்னு லெட்டர் கொடுத்தீங்கல்ல?" கன்னடத்துக்காரர், தமிழ் நன்றாகவே வந்தது.

சாவு என்று சொன்னோம். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஆனா நான் என்ன பண்றது? ரிப்போர்ட் நாளைக்குக் காலையில போகணும். கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும். ஒரு மணி நேரம் இருக்கேன். அதுக்குள்ள ஏதாவது நடந்தா எழுதறேன்."

ஏதும் நடக்கவில்லை. நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஸ்டிக்கைத் தொடாமல் சீனு தொடையில் தாளம் போட்டான். இளங்கோவன் அண்ணா பார்த்த பார்வையில் அதையும் நிறுத்தினான். ஐந்தே முக்காலுக்கு மேடம் கேட்டார்: "போனது யாரு? உங்க குரூப் ஆளா?"

"இல்ல மேடம். எங்க மேல கம்ப்ளெயின்ட் கொடுத்தவரு" என்றாள் டோரீன்.

மேடம் ஃபைலைத் திறந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி ஃபைலைப் பார்த்தார். "அவருக்காகவா நிறுத்தினீங்க?" என்று கேட்டுவிட்டு ஃபைலை மூடினார். பிறகு, "நானும் வர்றேன். ஃபைல்ல போடணும்" என்று எழுந்தார்.

காம்பவுண்டில் நாற்காலி எதுவும் இல்லை. சரி, எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டோம். சாயங்கால ஷிஃப்டுக்கு வந்திருந்த வேறொரு புது வாட்ச்மேன் மேடத்தின் அடையாள அட்டையைப் பார்த்ததும் வழி விட்டான். முதல் மாடிக் கதவு சாத்தியிருந்தது. ரோஜா மாலை என் கையில். பெல்லை அழுத்தியவர் மேடம்.

கதவைத் திறந்தவர் சிவசங்கரன்.

வேட்டி, பனியன், கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு நோட்டு. டோரீன் சிலுவை போட்டுக்கொண்டாள். இளங்கோவன் அண்ணா ஒரு படி பின்னால் போய் என் காலை மிதித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

"என்ன, வசூலா?" என்றார் சிவசங்கரன். பிறகு குனிந்து பார்த்தார். "மாலை யாருக்கு?"

பதில் சொல்லும் தைரியம் அரசாங்கத்துக்குத்தான் இருந்தது. "சார், நீங்க இறந்துட்டீங்கன்னு இவங்க சொன்னாங்க" என்றார் ரக்ஷிதா மேடம்.

விஷயம் தெளிவாகக் கால் மணி நேரம் ஆனது. சனிக்கிழமை அவருக்குக் கண்புரை ஆபரேஷன். வெளிச்சத்தில் வரக் கூடாது, பேப்பர் படிக்கக் கூடாது. அதனால் பால்கனியை மூடி வைத்திருந்தார். "காலையில நடந்தது ரத்தப் பரிசோதனை முகாம்" என்றார். "வெறும் வயித்துல வரச் சொல்லியிருந்தாங்க. காலையில காபி குடிக்காட்டா மனுஷன் மூஞ்சி வேற எப்படிம்மா இருக்கும்?"

நாற்காலியைப் பார்த்துச் சாவைச் சொல்கிற எங்கள் முப்பது வருஷ அனுபவம் படிக்கட்டில் கவிழ்ந்தது.

மேடத்தின் கண் அவர் கையிலிருந்த நோட்டின் மேல் போனது. "அது என்ன சார்?" தயங்கித் தயங்கிக் கொடுத்தார். பன்னிரண்டாவது மனுவுக்கான குறிப்பு. ஒரு கண்ணை மட்டும் வைத்து எழுதியதால் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. மேடம் நோட்டை என் பக்கம் நீட்டினார், நானே படித்தேன். '5.00 - சத்தம் இல்லை. 5.15 - இல்லை. 5.30 - இல்லை. 5.40 - இவர்களுக்கு என்ன ஆயிற்று?'

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நான் உடைந்துபோனேன். "சார், புதன்கிழமை நான் அப்படிப் பேசினதாலதான் நீங்க போய்ட்டீங்கன்னு நெனச்சேன் சார்" என்று அழ ஆரம்பித்தேன். "காலையிலருந்து ஒரு வாய் சோறு எறங்கல. நீங்க நல்லா இருக்கீங்களே, அது போதும் சார். ஹால் போனாலும் போவட்டும்."

சொன்னது மனசாரச் சொன்னது. அந்த நிமிஷம் ஒரு மனிதர் உயிரோடு நிற்கிறார் என்பதற்காக நான் பட்ட சந்தோஷத்தை எந்த மேடையிலும் பட்டதில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றப் போய், கழற்றக் கூடாது என்று நினைவு வந்து கையை இறக்கினார். "எனக்காக நிறுத்தினீங்களா? இன்னிக்கா? ஹால் போயிடும்னு தெரிஞ்சா?"

"வழக்கம் சார்" என்றார் இளங்கோவன் அண்ணா.

சிவசங்கரன் ஃபைலைக் கேட்டு வாங்கினார். பேனாவையும் வாங்கினார். பதினோரு மனுவையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, அண்டை அயலாரை மதிக்கத் தெரியாதவர்கள் என்ற வரியை மட்டும் தேடித் தேடி அடித்தார். மேடம், "சார், கவர்ன்மென்ட் ஃபைல்ல அடிக்கக் கூடாது" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"உங்க ரிப்போர்ட்ல என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டார் சிவசங்கரன்.

"பார்த்ததைத்தான் சார். நான் இருந்த நேரத்தில எதுவும் நடக்கலை."

"ஏன் நடக்கக் கூடாது? யாரும் சாகலையே!" அவர் குரல் உயர்ந்தது, முப்பத்தைந்து வருஷம் தொழிற்சாலையில் ஒலித்த குரல். "எல்லாரும் ஏன் இங்க நிக்கறீங்க? போய் வாசிங்க!"

மாடிப்படியில் நாங்கள் ஓடிய ஓட்டத்தில் டோரீனின் ஒரு செருப்பு போய்விட்டது. பதினைந்தே நிமிஷத்தில் ஸ்பீக்கர் ஏறியது. டீக்கடையில் நின்றவர்களை அம்ருதா கையைப் பிடித்து இழுத்து வந்தாள். திரும்பிப் போனவர்களுக்கு போன் பறந்தது. சீனு அடித்த முதல் அடியில் ஆஸ்பெஸ்டாஸ் அதிர்ந்தது. நான் பாடினேன். அப்படிப் பாடி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நாடகக்காரப் பிள்ளைகள் ஒரு காட்சி நடித்துக் காட்டினார்கள். ரக்ஷிதா மேடம் பக்கம் பக்கமாக எழுதினார். நடுவில் எழுதுவதை மறந்து கைதட்டினார். முதல் வரிசையில் கறுப்புக் கண்ணாடியும் மடியில் ரோஜா மாலையுமாக சிவசங்கரன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களெல்லாம் அவர்தான் சிறப்பு விருந்தினர் என்று நினைத்து வணக்கம் சொன்னார்கள்.

எட்டு மணிக்கு முடிந்தது. "அனுமதிக்கு எழுதறேன்" என்று மேடம் சொன்னதும் எட்டு குழுவும் போட்ட கூச்சலுக்குத் தனியாக ஒரு மனு எழுதலாம். சிவசங்கரன் எழுந்து, "மனுவையெல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒன்பது மணிக்கு மேல ஒரு சத்தம் வந்தாலும் புதுசா எழுதுவேன்" என்றார். ஒன்பது மணியை இன்றுவரை நாங்கள் தாண்டியதில்லை.

இருட்டில் படியேற அவருக்குக் கண் தெரியாது என்று நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். முதல் மாடியில் சாவியை எடுத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் நின்றார்.

"நிஜமாவே நான் போனா, அப்பவும் நிறுத்துவீங்களா?"

"நிறுத்துவோம் சார்."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு நாள் சார். வழக்கம் அது."

"மூணு நாளா?" என்றார். "என் பையனுக்கு ரெண்டு நாள் லீவு கிடைச்சாலே பெரிசு."

என் வாய் என்னைக் கைவிடவில்லை. அன்றைக்கு அது பேசிய ஒரே நல்ல பேச்சு அதுதான்.

"அவசரமே இல்ல சார்" என்றேன். "எங்களுக்கு வருஷம் பூரா ப்ரோக்ராம் இருக்கு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கீழே சந்து வரைக்கும் அது கேட்டிருக்கும்.